மீனுக்குத் திருநீறு பூசிய அத்தானுக்கு

எந்தக் குளிரிலும் தொப்பி போட மறுத்த என் அன்பு அத்தானுக்கு,

முன்கூட்டியே ஒழுங்கு போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுத வராது. நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த பழக்கம். சிரிப்பதென்றால் சிரியுங்கள். நான் சொல்ல நினைப்பவை இவை:

1. ரூஜ் ஆற்றில் நான் கண்ட மீன்.
2. அது சாவதற்கு நாங்கள் காரணமா, இல்லையா.
3. இதை அக்காவுக்குச் சொல்லாமல் விடுவதே சரி.
4. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்வது.

நாலாவதற்கு என்னிடம் விடை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுடைய முதலாம் ஆண்டுத் திவசம். சால்மன் மீன்கள் ஏரியிலிருந்து ஆறேறுகிற புரட்டாசியில்தான் வருகிறது. விட்பி நகரத்திலிருந்து உங்கள் மகன் குடும்பத்தோடு வருகிறான். ஐயரோடு பேசியாயிற்று. இரண்டு கிழமைக்கு முன் அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா:

"தம்பி, ஐயர் செய்யிறதைச் செய்யட்டும். சாப்பிட்டிட்டு எல்லாரும் ஆத்தடிக்குப் போவம். நீ ஒரு மீனைப் பிடிச்சு, அத்தான் பூசின மாதிரி நீறு பூசி விடு. அவரின்ரை கையைப் பாத்த மாதிரி இருக்கும்."

நான் "ஓம் அக்கா" என்றேன். அக்காவுக்கு நான் எப்போது இல்லையென்று சொன்னேன்?

எங்கள் காலத்துக்குப் பிறகு இதை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வெளிக்கிட்ட மகனைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு செய்தியும் வராமல் இருந்தபோது, அவன் உயிரோடு கனடா போய்ச் சேர்ந்தால் இனி மச்சம் தின்பதில்லை என்று நேர்ந்தீர்கள். அவன் சேர்ந்தான். மீனும் இறைச்சியும் அன்றோடு போயின. தூண்டில் ஆசை மட்டும் போகவில்லை. பிறகு அவன் பொறுப்பேற்று ஸ்பொன்சரில் கூப்பிட நாங்களும் இங்கே வந்து, பிடித்த மீனை ஆற்றிலேயே திரும்ப விடுகிற ஆட்களை முதன்முதலில் கண்டபோது உங்கள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

"பாத்தியே மச்சான்! நேர்த்தியும் முறியேல்லை, தூண்டிலும் சும்மா கிடக்கத் தேவையில்லை."

வெறுமனே விடுவது உங்களுக்குப் போதவில்லை. பிலிம் சுருள் வந்த கறுப்பு டப்பாவுக்குள் திருநீறு கொண்டு வந்தீர்கள். ஈரத்தில் நீறு ஒட்டாது என்று சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சித் துணியை எடுத்து மீனின் தலையை ஒற்றி உலர்த்துவீர்கள். மூன்று விரலால் இழுப்பீர்கள். நமச்சிவாய மூன்று முறை சொல்வீர்கள். கைவலையோடு நிற்கிற நான் பதறுவேன்.

"அத்தான், கெதியா விடுங்கோ. அது வாயைப் பிளக்குது."

"பொறடாப்பா. அதுவும் சொல்லுது போலை."

பக்கத்தில் நின்ற ஒருவர் அது என்ன மருந்து என்று கேட்டதற்கு "பிளெசிங் பவுடர்" என்றீர்கள். அவர் தனக்கும் கொஞ்சம் வேண்டுமென்றார். நீங்கள் அவருடைய மீனுக்கும் பூசிவிட்டீர்கள்.

இனி முதலாவது. உங்கள் பின்னால் வலை பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். திவசத்தன்று எல்லார் முன்னிலும் முறை பிசகிவிடும் என்று பயந்து, பழகிப் பார்க்கவென்று முன்கூட்டியே ஒருநாள் தனியாகப் போனேன். பெரிய பெண்மீன் ஒன்று அகப்பட்டது. இழுத்து முடிக்க எனக்கே மூச்சு வாங்கியது. ஒற்றினேன், பூசினேன், சொன்னேன். எல்லாம் உங்கள் முறைப்படிதான். விட்டதும் அது ஒருபக்கம் சரிந்து கிடந்தது. பிறகு நிமிர்ந்து போனது.

ஒரு கிழமை கழித்து அதே இடத்துக்குப் போனேன். கொஞ்சம் கீழே, ஒரு மரத்தின் வேருக்குள் பெரிய மீன் ஒன்று செத்துக் கிடந்தது. தலையில் மூன்று வெள்ளைக் குறி.

முதலில் எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது, அத்தான். இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தும் நீறு அழியவில்லையே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகுதான் குனிந்து ஒரு தடியால் தொட்டுப் பார்த்தேன். அது நீறில்லை, பூஞ்சணம். பஞ்சு மாதிரி, விரல் பட்ட இடத்தில் மட்டும் பிடித்திருந்தது.

மேலே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த போலந்துக்காரக் கிழவர் ஒருவர் நான் குனிந்து நிற்பதைக் கண்டு இறங்கி வந்தார். இரைக்குச் சினை கிடைக்குமா என்று பார்க்க அதன் வயிற்றைக் கீறினார். வயிறு நிறையச் சினை. ஒன்றுகூட இடவில்லை. உலர்ந்த கையால் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று தனக்குள் பேசுகிற மாதிரிச் சொன்னார். யாரென்று அவர் கேட்கவில்லை. நான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

இரண்டாவது. நூலகத்தில் போய் வாசித்தேன். வாசித்ததால் தெளிவு வந்ததென்று சொல்லமுடியாது. மீனின் உடம்பில் வழுவழுவென்று இருக்கிற வழும்புதான் அதற்குக் காப்பு. உலர்ந்த கையோ துணியோ பட்டால் அது உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இழுபட்டுக் களைத்த மீனைத் தண்ணீருக்கு வெளியே வைத்திருப்பது, ஓடி முடித்த ஒருவனின் மூக்கையும் வாயையும் பொத்துவது போல. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம். போகிற மாதிரிப் போய், பிறகு எங்காவது சாகும்.

ஆனால் இந்தச் சால்மன் எப்படியும் சினையிட்டதும் சாகிற சாதி. சாகும்போது பூஞ்சணமும் பிடிக்குமாம். அப்படியென்றால் நாங்கள் பறித்தது என்ன? சில நாட்களா, ஒரு வயிற்றுச் சினையா? தண்ணீருக்குள்ளேயே வைத்து, ஈரக் கையால் முள்ளைக் கழற்றி விட்ட மீன்கள் பெரும்பாலும் பிழைக்கும் என்றும் எழுதியிருக்கிறது. எல்லாரும் கொன்று கொண்டுபோவதைவிட விடுவது நல்லதென்றும் எழுதியிருக்கிறது. நாங்கள் விட்டவற்றில் எத்தனை பிழைத்தன, எத்தனை வேருக்குள் கிடந்தன? நாங்கள் ஒருநாளும் ஆற்றின் கீழ்ப்பக்கம் நடந்து பார்க்கவில்லையே.

இந்த மீன்களின் முன்னோரை மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து ஏரியில் விட்டார்கள் என்று அறிந்தபோது, "அப்ப உதுகளும் ஸ்பொன்சரிலை வந்ததுகள்தான்" என்று சிரித்தீர்கள். இப்போது சில இந்த ஆற்றிலேயே, மனிதர் கை படாமல், தாமாகப் பொரித்து வளர்கின்றனவாம். அந்தப் பெண்மீன் அப்படிப் பிறந்ததா, தொட்டியில் வளர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் மனம் ஆறுமா? அதுவும் தெரியாது.

மூன்றாவது. இதை அக்காவுக்குச் சொல்லக்கூடாது. உங்களுடைய உடுப்புகளை மகன் கொண்டுபோய்விட்டான். உங்களைப் பற்றி அக்கா சொல்லிச் சொல்லி ஆறுதல்படுவது இந்த ஒன்றைத்தான்: "அவர் ஒரு உயிரைக் கொல்லேல்லை, ஆசீர்வதிச்சு விட்டவர்." அதை நான் போய் உடைப்பதா? எனவே பேசாமல் இருப்பதே சரி. ஆனால் பேசாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் இன்னொரு மீனைப் பிடித்து ஒற்றிப் பூசவேண்டும். தூண்டில் போட்டும் ஒன்றும் அகப்படாத மாதிரி நடிக்கலாமா? எனக்கு நடிக்க வராது என்று உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று திங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கிற அக்காவின் அப்பார்ட்மென்டுக்குப் போனேன். திவசச் சமையலுக்கு அக்கா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தா. நான் கதிரையில் இருந்து, எழும்பி, திரும்ப இருந்தேன்.

"என்னடா? தூண்டில் முறிஞ்சு போச்சோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஏன் பேதி குடிச்சவன் மாதிரி முழிக்கிறாய்?"

சொல்லிவிட்டேன். ஒழுங்கில்லாமல், கடைசியிலிருந்து தொடங்கி, சினையையும் வேரையும் கைலேஞ்சியையும் கலந்து சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தா.

"அப்ப அவர் பூசி விட்டதெல்லாம்?"

"எல்லாம் எண்டு சொல்லேலாது அக்கா. சிலது. எத்தினை எண்டு தெரியாது."

அக்கா சீவிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டா. அழப்போகிறா என்று நினைத்தேன்.

"உதை ஏன் இவ்வளவு நாளும் வயித்துக்குள்ளை வைச்சிருந்தனி?"

"நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு."

"நாப்பது வருசம் அந்த மனிசனைத் தாங்கினனான். ஒரு மீனைத் தாங்கமாட்டனோ?" பிறகு குரல் தணிந்தது. "அந்தாளுக்கு இது தெரிஞ்சிருந்தா, அண்டைக்கே தூண்டிலைக் கொண்டுபோய்க் குப்பையிலை போட்டிருக்கும். தெரியாமலே போயிட்டுது. அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கு ஆத்தடிக்குப் போறேல்லையோ?"

"ஏன் போகாமல்? பிடிச்சாத்தானே விடவேணும். பிடியாமல் நிண்டு பாப்பம்."

நேற்று போனோம். மகன், மருமகள், பிள்ளைகள் எல்லாரும். பாலத்துக்கு மேற்பக்கம் ஆற்றில் ஒரு ஆழமில்லாத இடம் இருக்கிறதல்லவா, அங்கே நின்றோம். மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முதுகு வெளியே தெரிய, கல்லில் உராய்ந்து உராய்ந்து ஏறின. ஒன்று இடையில் அகப்பட்டுத் துடித்தது. மகன் "மாமா, தள்ளிவிடுங்கோ" என்று கத்தினான். நான் சப்பாத்தோடு தண்ணீரில் கால் வைத்துவிட்டேன். அக்கா என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தா.

"விடு தம்பி. அதுக்குத் தெரியும்."

அது துடித்தது, ஓய்ந்தது, திரும்பத் துடித்தது. நாங்கள் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஒரு உதறலில் ஆழத்துக்குள் போய்விட்டது. பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. தள்ளிவிட்டிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா மட்டும் அங்கே உங்களோடு என்னவோ பேசினா. என்னவென்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது, அத்தான். அதற்கு விடை கண்டுவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன்: அக்கா எதைத் தாங்குவா, எதைத் தாங்கமாட்டா என்று அக்காவைக் கேளாமல் இனி நான் தீர்மானிக்கமாட்டேன். மூன்றாவதாக நான் எழுதியது பிழை.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் மச்சான் சிவபாதம்