பதினொரு பேரை மேடையேற்ற வேண்டாம்

அனுப்புநர்:
கலாநிதி ஜெயனி அருட்பிரகாசம்,
நிர்ப்பீடனவியல் (நோயெதிர்ப்பியல்) ஆய்வாளர்,
தோட்டவெளி, மன்னார்.

பெறுநர்:
பிரதிப் பணிப்பாளர் அவர்கள்,
கரையோரச் சமூக மேம்பாட்டுப் பணியகம்,
மன்னார்.

விடயம்: எச்.ஐ.வி. ஆய்வில் பங்குபற்றும் பதினொருவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பொன்னாடை போர்த்தும் ஏற்பாட்டை நிறுத்தக் கோரல்

தொடர்பு: தங்கள் பணியகத்தின் 30.10.2023 திகதிய கடிதமும் 06.11.2023 திகதிய சுற்றறிக்கையும்

மதிப்புக்குரிய ஐயா,

1. டிசம்பர் முதலாம் திகதி, உலக எய்ட்ஸ் தினத்தன்று, தங்கள் பணியகம் நடத்தவிருக்கும் கௌரவிப்பு விழாவுக்கு என்னைத் தெரிவு செய்தமைக்கு முதலில் நன்றி. கௌரவிப்பதில் இந்த மாவட்டத்தில் தங்கள் பணியகத்துக்கு இணையில்லை என்பதை எல்லோரும் அறிவர். கடந்த வருடம் கடலில் காணாமல் போய் மூன்றாம் நாள் தானாகவே கரை சேர்ந்த மீனவர் ஒருவரை, அவர் வீடு போய்ச் சேரும் முன்னரே மேடையேற்றி மாலை போட்டீர்கள். அவர் தண்ணீர் கேட்டதாகவும், வரவேற்புரை முடிந்ததும் அது கொடுக்கப்பட்டதாகவும் அறிந்தேன்.

2. அழைப்பிதழில் என்னை "எய்ட்ஸை வென்ற வீராங்கனை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த என் அம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பூசைக்குப் போகவில்லை. எய்ட்ஸை நான் வெல்லவில்லை. பத்து வருடங்களாக, அதில் ஆறு வருடம் தென்னாபிரிக்காவில், அந்த வைரஸ் உடலுக்குள் நுழையும் முதல் சில மணித்தியாலங்களில் எமது வெண்குருதிக் கலங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்து வருகிறேன். பெரும்பாலும் அவை தோற்கின்றன. மிகச் சிலரில் தோற்பதில்லை. ஏன் என்று தெரிந்தால் தடுப்பூசிக்கு ஒரு வழி திறக்கலாம். இதுவரை நான் கண்டுபிடித்தவற்றை எழுத அழைப்பிதழின் பின்பக்கம் போதும். அதிலும் பாதி, நான் முன்னர் கண்டுபிடித்தது பிழை என்று கண்டுபிடித்தது.

3. அந்த மிகச் சிலரில் பதினொருவர் வடக்கின் பல ஊர்களிலிருந்து நான்கு மாதங்களுக்கு ஒரு தடவை, ஒரு செவ்வாய்க்கிழமையில், மன்னாரில் உள்ள என் அறைக்கு வந்து இரத்தம் கொடுக்கிறார்கள். இவர்களது கணவருக்கோ மனைவிக்கோ எச்.ஐ.வி. இருக்கிறது. அது தெரியவரும் முன்னர், மருந்தும் பாதுகாப்பும் இல்லாமல் வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தும் இவர்களுக்குத் தொற்றவில்லை. வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வருபவர் அநேகமாக எவருமில்லை. ஒருவர் திருக்கேதீஸ்வரத்துக்கு நேர்த்தி என்று சொல்லி வருவார். திரும்பும்போது விபூதி கொண்டுபோயாக வேண்டும். இன்னொருவர் கருவாடு வாங்க வருவார். இலுப்பைக்கடவைப் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் பல் பிடுங்க வருவார். வீட்டார் அறிந்தவரையில் அவருக்கு இதுவரை ஏழு பற்கள் பிடுங்கப்பட்டிருக்கின்றன. (ஊரையும் பற்களின் தொகையையும் மாற்றியே எழுதியிருக்கிறேன்.)

4. நடந்தவற்றில் முதற் பிழை என்னுடையது. ஒக்டோபர் 10 ஆம் திகதி தங்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் திரு. மில்ரன் என்னைச் சந்தித்து, விழா மலருக்காக இரண்டு வார்த்தை கேட்டார். பாராட்டப்படுபவர் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "உண்மையான சாதனையாளர் நான் இல்லை. எந்தப் பலனும் எதிர்பாராமல் இரத்தம் தாற பதினொரு பேர்தான்." வழக்கமாக இந்த வசனத்தை எவரும் கவனிப்பதில்லை. திரு. மில்ரன் எழுதிக்கொண்டார்.

5. இருபது நாட்களில் தங்கள் கடிதம் வந்தது. பதினொருவருக்கும் "தியாகச் சுடர்" பட்டம் வழங்கத் தீர்மானித்திருப்பதால் அவர்களின் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம் இரண்டு ஆகியவற்றை மூன்று பிரதிகளில் அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். பேருந்து நிலையத்திலிருந்து பாண்ட் வாத்தியத்துடன் ஊர்வலமாக அழைத்து வருவது, ஒவ்வொருவரது படத்தையும் ஆறடி உயரத்தில் வைப்பது, முகநூலில் நேரடியாக ஒளிபரப்புவது என்பனவும் நிகழ்ச்சி நிரலில் இருந்தன.

6. நவம்பர் 2 ஆம் திகதி தங்கள் கந்தோருக்கு நேரில் வந்தேன். தாங்கள் வேறொரு கௌரவிப்புக்குப் போயிருந்தீர்கள். திரு. மில்ரன் கதிரை போட்டு, தேநீர் தந்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அவையளுக்கு வருத்தம் இல்லைத்தானே டொக்டர்? வருத்தம் இல்லாத ஆக்களை மேடையில ஏத்திறதில என்ன பிழை?"

அவர்களுக்கு நோய் இல்லை, வீட்டில் மற்ற ஆளுக்கு இருக்கிறது, இருந்தால்தான் இந்த ஆய்வில் சேரலாம் என்று விளக்கினேன். அவர் குறிப்பேட்டைத் திறந்தார். "ஓ! அப்ப ரெண்டு பேரையும் சோடியாக் கூப்பிடுவமே. தனிய நிக்கிறதைவிட வடிவாயிருக்கும்."

பக்கத்து மேசையில் வரவேற்பு நடனத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த கலாசார உத்தியோகத்தர் திருமதி றஞ்சிதா எனக்காகப் பரிந்து பேசினார். "சும்மா இருங்கோ மில்ரன். டொக்டர் சொல்லுறது விளங்கேல்லையே? அவைக்குக் கூச்சமாம். ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி குடுப்பம்." அப்படியானால் பெயரை வாசிப்பீர்களா என்று கேட்டேன். "பேர் வாசிக்காட்டி ஆர் எழும்பி வாறது?" என்றார்.

இருவரும் நல்ல மனிதர்கள். எவருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். அதனால்தான் எனக்குப் பயம் கூடியது.

7. நவம்பர் 6 ஆம் திகதி, பெயர்களை நான் தர மறுப்பதால், ஆய்வுக்கு இரத்தம் கொடுப்போரைத் தத்தம் பிரிவுகளில் "அடையாளங் கண்டு உதவுமாறு" கிராம அலுவலர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினீர்கள். அதன் பிரதி அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டப்பட்டது. ஒரு கரையோரக் கிராமத்தில் அலுவலர் ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்கட வீட்டில ஆரும் இரத்தம் குடுத்துத் தியாகம் செய்யிறவை இருக்கினமோ? விருது குடுக்கினமாம்" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு மாமியார், "தியாகமோ? முப்பது வருசமா இந்த வீட்டில நான்தான் செய்யிறன். என்ர பேரைப் பதியுங்கோ" என்றிருக்கிறார். அலுவலர் பதிந்துகொண்டு போனார். பல ஊர்களில் இவ்வாறு பதியப்பட்ட மாமியார்மார் பலர் என்று அறிவதால், எந்த வீடென்று தெரியவராது என்ற துணிவில் இதை எழுதுகிறேன். அவர்களைத் தாங்கள் தாராளமாகக் கௌரவிக்கலாம்.

8. ஆனால் அந்த வீடுகளில் ஒன்றின் குசினிக்குள் எனது பதினொருவரில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"மிஸ், மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். கேட்டதும் கை ஓடேல்ல. இவர் மீன்பிடிக்கப் போற வள்ளத்தில மற்ற ஆக்களும் போறவை. தெரிஞ்சால் ஆர் இவரை ஏத்துவினம்? எனக்கு இல்லையெண்டு நீங்கள் சொன்ன நேரம் எவ்வளவு சந்தோசப்பட்டனான். இப்ப நான் சுகமா இருக்கிறதே அவரைக் காட்டிக் குடுக்கப் போகுது. நான் இனி வரேல்ல மிஸ். குறை நினைக்காதேங்கோ."

9. கடந்த செவ்வாய்க்கிழமை ஐவர் வர வேண்டியிருந்தது. ஒருவர் வந்தார். இரத்தம் கொடுத்ததும் கையில் ஒட்டிய பஞ்சை வாசலிலேயே பிடுங்கிவிட்டு, தேநீர் குடிக்காமல் போனார். ஒரு நாள் எடுத்த இரத்தம் சொல்வது கொஞ்சம். அதே ஆளின் இரத்தம் மூன்று வருடங்களில் எப்படி மாறுகிறது என்பதுதான் எனது ஆய்வு. இடையில் அறுந்தால் மீண்டும் முடிச்சுப் போட இயலாது.

10. நவம்பர் 20 ஆம் திகதிக்குள் பட்டியல் கிடைக்காவிடின் உத்தியோகத்தர் ஒருவர் வந்து எனது பதிவேடுகளைப் பார்வையிடுவார் என்றும் சுற்றறிக்கை சொல்கிறது. அவருக்கு அலைச்சல் வேண்டாம். பெயர்களையும் இரத்தக் குழாய்களில் எழுதும் ஆய்வு இலக்கங்களையும் இணைக்கும் தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆய்வு அறநெறிக் குழுவுக்கு அறிவித்துவிட்டு நேற்று அதை எரித்தேன். தொலைபேசி இலக்கங்களும் அதிலேயே இருந்தன. என் கைபேசியில் இருந்த அழைப்புகளையும் அழித்துவிட்டேன். குளிர்ப்பெட்டியில் எழுபத்தாறு குழாய்கள் இலக்கங்களோடு பத்திரமாக இருக்கின்றன. எது எவருடையது என்று இனி என்னாலும் சொல்ல முடியாது. முகங்கள் தெரியும், ஊர்கள் தெரியும். ஆனால் தேடிப் போய்க் கதவைத் தட்டினால் எனக்கும் தங்கள் அலுவலருக்கும் வித்தியாசம் இராது.

11. ஆகையால் தாழ்மையாக வேண்டுவது:

(அ) மேற்படி கடிதத்தையும் சுற்றறிக்கையையும் உடனே மீளப்பெற வேண்டும்.

(ஆ) அவ்வாறு மீளப்பெற்றதையும், எவரது பெயரும் இனிக் கேட்கப்படாது என்பதையும், முன்னர் ஒட்டிய அதே பலகைகளிலும் தங்கள் முகநூல் பக்கத்திலும் பெரிய எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தப் பதினொருவருடன் பேச எனக்கு இப்போது வேறு வழி இல்லை. தாங்கள் பறித்த தைரியத்தைத் தங்கள் பலகையால் மட்டுமே திருப்பிக் கொடுக்க முடியும்.

(இ) எனது பெயரையும் விழாவிலிருந்து நீக்க வேண்டும். நான் மேடையில் நின்றால், சனம் என்னைப் பார்க்காது. பதினொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கும்.

12. அடுத்த இரத்தம் எடுக்கும் நாள் நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு அறையைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன். வருபவரிடம் பெயர் கேட்கமாட்டேன். அவரவர் இலக்கம் அவரவருக்கு மனப்பாடம். அறிவித்தல் அதற்கு முன்னர் ஒட்டப்பட்டால் யாராவது வரக்கூடும்.

இடம்: தோட்டவெளி
திகதி: 16.11.2023

தங்கள் பதிலைப் பலகையில் எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
ஜெயனி அருட்பிரகாசம்