அண்ணிக்கும் தட்டுப்பட்டது

மார்ச் 4, செவ்வாய்
குளிக்கும்போது இடது மார்பில் கட்டி மாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. நிஜமா? பல வருஷமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவள் நான். காதில் கேட்கும் குரலை நம்பக்கூடாது என்று பழகியிருக்கிறேன். கையை நம்பலாமா? சுகன்யா அண்ணியைக் கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

மார்ச் 6
கடைத்தெரு கிளினிக். டாக்டர் என் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை. "இவங்களுக்கு இந்த மாதிரி தோணும்மா" என்றார் அண்ணியிடம்.
"எனக்குத் தோணாது இல்ல சார்? என் கையிலயும் தட்டுப்படுதே" என்றார் அண்ணி.
புதுச்சேரிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

மார்ச் 21
கேன்சர்தான். அண்ணன் அழுதார். எனக்குப் பயம். ஆனாலும், நான் கற்பனை செய்யவில்லை என்பதில் ஒரு நிம்மதி — இதை யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 2
கேன்சர் டாக்டரும் என் மனநல டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்று அண்ணன் கேட்டார். "செல்வி இருக்காங்களே" என்றார் மனநல டாக்டர். எல்லாவற்றையும் எனக்கே விளக்கினார்கள். போட்டேன்.

ஏப்ரல் 17
ஆபரேஷன் ஆகிவிட்டது. வலி. கஞ்சி ருசித்தது.

மே 20
கேன்சர் மருந்து ஏத்திக்கப் போவமாட்டேன். அந்த மருந்துல வெஷம்னு காதுல சொல்லிக்கினே இருக்குது. தூக்கமே இல்ல. அண்ணன் கத்துது. அண்ணி மட்டும், "இன்னிக்கு வாணாம், வுடு. டாக்டருக்குப் போன் பண்றேன்"னாங்க.

மே 28
மனநல டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். குரல் போய்விடவில்லை, தள்ளிப் போயிருக்கிறது. மருந்து ஏற்றும் முன், குரல் சொல்வதை நர்ஸ் பிரியதர்ஷினியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பாட்டிலில் இருந்த என் பெயரை என்னையே படிக்கச் சொன்னாள்.
"அது சொல்லிட்டுப் போவட்டும்க்கா. நான் இங்கதான் இருக்கேன்."
இருந்தாள், கடைசிச் சொட்டு வரை.

ஆகஸ்ட் 9
தலையில் ஒரு முடிகூட இல்லை. அண்ணன் மகள் தடவித் தடவிச் சிரிக்கிறாள். நானும்தான்.

நவம்பர் 18
சிகிச்சை முடிந்தது. இனி அவ்வப்போது காட்டினால் போதுமாம். வரும் வழியில் பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து வரும் மீன்காரியிடம் சங்கரா வாங்கினோம். அண்ணி வைத்த குழம்பில் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

ஜனவரி 7
எதிர்வீட்டுக் காசம்மாள் அக்கா வந்தார். நான் தெருவில் வந்தாலே பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறவர். வாசலிலேயே நின்றார்.
"செல்வி, எனக்கும் மார்ல இன்னாமோ இருக்குதுடி. வூட்ல யாருக்கும் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு நீ கூட வர்றியா?"
நாளைக்குக் காலை பஸ்ஸில் போகிறோம்.

ஜனவரி 8
கொழுப்புக் கட்டிதானாம். பயமில்லை. பஸ் எங்கள் ஊர் பாகூர் வரும்வரை காசம்மாள் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கினார்.