ஒற்றை அறைப் பிகோனியாக்கள்

ஜூன் 4

அன்புள்ள மலைக்காரிக்கு,

நலம். நீயும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். நீ காட்டில் பறித்து, தாளில் அழுத்தி அனுப்பிய செடிப் பார்சல் வந்தது. பிரித்தால் இலை தனி, காம்பு தனி. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அதைவிடக் கொடுமை, இருபது தாளிலும் ஆண் பூதான். பழத்தை வெட்டிப் பார்க்காமல் இந்த நாலு வகையும் பிகோனியாச் செடிகளில் ஒரு புதுப் பிரிவு என்று எப்படி எழுதுவது? இன்னொரு குழுவும் அதே காட்டைச் சுற்றுகிறதாம். பழத்தைச் சீக்கிரம் அனுப்பு.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

உன்,
பூதக்கண்ணாடி

ஜூன் 19

அன்புள்ள பூதக்கண்ணாடியாருக்கு,

பிகோனியாவை அழுத்தினால் இலை கழலத்தான் செய்யும். அதற்கு நான் என்ன செய்ய? பதினொரு நாளாக மழை. செடியின் ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்களை அடுப்பருகே காயவைத்துவிட்டு நான் ஈரப் போர்வையில் படுக்கிறேன். பெண் பூ கடைசியில்தான் வரும். நீங்கள் கடிதம் போட்டால் அது அவசரப்படுமா?

ஆனாலும் நல்ல செய்தி. நேற்று நாலு வகைக்கும் காய் கிடைத்தது. பிளேடால் குறுக்கே வெட்டினேன். மூன்று அறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே அறை! விதையெல்லாம் சுவரில். கத்திவிட்டேன். வழிகாட்டி, "என்னம்மா, பாம்பா?" என்று ஓடி வந்தார்.

காய்களும் படங்களும் விவரிப்பும் இத்துடன். ஒரே வேண்டுகோள்: மழை விட்டதும் வடக்குப் பள்ளத்தாக்கையும் பார்த்துவிடுகிறேன். அதுவரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

குழாய்க்கு வாஷர் மேல் இழுப்பறையில்.

உங்கள்,
மலைக்காரி

ஜூலை 8

அன்பே,

நீ சொன்னது அத்தனையும் சரி. ஒரே அறைதான். காத்திருக்க மனம் வரவில்லை, கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே, உனக்குப் பரிசு இருக்கிறது. நாலில் அழகியான அந்தச் சிவப்புக் காம்புக்காரிக்கு உன் பெயரை வைத்திருக்கிறேன்!

உன்,
பூதக்கண்ணாடி

ஜூலை 20

ஐயா,

பரிசு கிடைத்தது. தன் பெயரைத் தானே செடிக்கு வைக்கும் வழக்கம் நம் தொழிலில் இல்லை. செடிக்கு என் பெயர் என்றால், எழுதியவர்கள் வரிசையில் நான் இல்லை. இது உங்களுக்குத் தெரியாதா?

கண்டுபிடித்தவள் நான், வெட்டியவள் நான், வரைந்தவள் நான். விவரிப்பில் முக்கால்வாசி என் வாக்கியம். எழுதியவர் இடத்தில் பெயர் வரும் என்றுதானே இரண்டு வருஷமாக அட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்தேன்? கடைசியில் நீங்கள் ஆசிரியர், நான் செடியா? ஆத்திரத்தில் அழுகையாக வருகிறது. செடியின் பெயரை மாற்றி, என்னை எழுதியவளாகச் சேருங்கள்.

உங்கள் மனைவி

ஆகஸ்ட் 2

அன்பே,

பத்திரிகையில் கேட்டேன். அச்சாகிவிட்டதாம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், தப்புதான். சந்தோஷப்படுவாய் என்றே நினைத்தேன். இங்கே செடிக் காப்பகத்தில் எல்லாரும் உன்னை வாழ்த்துகிறார்கள். அடுத்த கட்டுரையில் கட்டாயம் சேர்க்கிறேன். எப்போது வீட்டுக்கு வருகிறாய்?

உன்,
பூதக்கண்ணாடி

ஆகஸ்ட் 23

ஐயா,

வடக்குப் பள்ளத்தாக்கில் ஐந்தாவது வகை கிடைத்தது. இலை, பூ, மகரந்தம் எதைப் பார்த்தாலும் அந்த நாலு பேருக்கும் உடன்பிறந்தவள். பழத்தை வெட்டினேன். இரண்டு அறை. நம்பாமல் பத்துப் பழம் வெட்டினேன். பத்திலும் இரண்டு. பழத்தில் ஒரே அறை இருந்தால்தான் இந்தப் பிரிவு என்று அவசரப்பட்டு அச்சிட்டுவிட்டீர்கள். அந்த வரையறை இனி நிற்காது.

திருத்தி எழுதி, இன்று காலை நேராகப் பத்திரிகைக்கே அனுப்பிவிட்டேன். எழுதியவர் ஒருவர்தான். நன்றி சொல்லும் பகுதியில் நீங்கள் இருக்கிறீர்கள்.

வீட்டுக்கு எப்போது என்று கேட்டிருந்தீர்கள். இங்கே அறையை இன்னும் ஆறு மாதத்துக்கு எடுத்திருக்கிறேன். கோபம் தீர்ந்தால் நானே எழுதுகிறேன். அதுவரை கடிதம் வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டுரையாசிரியர்