போகலாம் என்று எழுதினேன்

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள லாவண்யாவுக்கு,

நிர்மலா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் நம் வழக்கம். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அது போதும். கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். கம்பெனி மெயிலை இப்போது அவர்களுடைய வக்கீலும் படிக்கிறார்.

முதலில் உன் வீட்டுச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளி போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரில் மறுபடியும் நுரை, அதனால் இந்த முறை கீரை போடவில்லையாம். நீ இருக்கிற டப்ளினில் இன்னும் குளிர்தானா என்று கேட்டார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்.

நேற்று உன் மெயில் வந்தது. தரநிலைத் திருத்தத்தின் மேல் என்னுடைய கருத்து எண் நாற்பத்தொன்றை வாபஸ் வாங்கிவிடு, வியாழக்கிழமைக் கூட்டத்தோடு இந்தப் பகுதியை முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். முடியாது என்று ஒரு வரியில் பதில் போட்டிருப்பேன். ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், இந்தக் கடிதத்தைக் குழுவில் வேறு யாராவது படிக்க நேரலாம்.

ஒரு புரோகிராம் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிப் போகிறது. நடுவில் வேறு இடத்துக்கு இழுத்துப்போகும் லிங்க் ஒன்று குறுக்கிடுகிறது. அதன் வழியே போவதா, வேண்டாமா? பதினொரு வருஷத்துக்கு முன், கணினிகள் எப்படி நடக்க வேண்டும் என்று நம் குழு வகுக்கிற தரநிலையில் இதற்கு நாம் ஆங்கிலத்தில் எழுதிய பதில், ‘கணினி போகலாம்’ என்பது. இரண்டு பெரிய கம்பெனிகளின் கணினிகள் இரண்டு விதமாக நடந்தன, இருவருமே மாற்ற மாட்டோம் என்றார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்க நீ கண்டுபிடித்த சொல் அது. நான் முதலில் ஆட்சேபித்தேன், பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். தரநிலை படித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்: கணினி போனாலும் போகும், போகாமலும் இருக்கும், நம்பாதே.

இப்போது அதைத் திருத்தி, புரோகிராம் கேட்டாலொழியக் கணினி போகக் கூடாது என்று எழுதுகிறோம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குக் கீழே நீ போட்டிருக்கிற குறிப்பில்தான். ‘பொருளில் மாற்றமில்லை, சொற்கள் மட்டும் தெளிவாக்கப்பட்டன’ என்கிறது அது. அது பொய். பழைய வாக்கியத்துக்கு இரண்டு விதமாக நடக்க இடமிருந்தது, கணினிகளும் இரண்டு விதமாக நடந்தன என்று எழுத வேண்டும். என் நாற்பத்தொன்று அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஏன் பிடிவாதம் என்று கேட்டிருக்கிறாய்.

போன புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எங்கள் பிரஸ் ஷாப்பில் மின்சாரம் போய் வந்தது. நான்காம் நம்பர் பிரஸ் நூற்றறுபது டன். முன்னால் ஒளித்திரை உண்டு. கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காது. மின்சாரம் வந்ததும் பிரஸ் தன் செட்டிங்குகளைச் செர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாதுகாப்பு விஷயத்தை இப்படிச் செர்வரை நம்பி வைக்கக் கூடாது என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்தக் காகிதங்கள் ஏதோ ஃபைலில் தூங்குகின்றன. அன்று செர்வரில் செட்டிங் எதுவும் இல்லை. ஒன்றும் கிடைக்காததால், தன்னை ஒளித்திரையே இல்லாத பழைய மிஷின் என்று அது எடுத்துக்கொண்டது. பிரஸ் ஆபரேட்டர் சம்பங்கி ஒன்பது வருஷமாக எட்டு விநாடிக்கு ஒரு தரம் செய்கிற மாதிரி, அடித்த பீஸை எடுக்க வலது கையை உள்ளே விட்டார்.

நான் மாடியிலிருந்து இறங்கிப் போனபோது பிரஸ் கீழ் நிலையிலேயே நின்றிருந்தது. கை உள்ளே. அதை மேலே தூக்க ரிவர்ஸ் கொடுக்கத் தெரிந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். நாலு நிமிஷம். சம்பங்கி கத்தவில்லை. “பீஸை எடுங்க, பீஸை எடுங்க” என்று சொல்லிக்கொண்டே நின்றார், ஏதோ லைன் நின்றுபோனதற்குத் தானே காரணம் என்பதுபோல. பிரஸ் மேலே போனதும் தகடும் கையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. ரத்தம் அதற்குப் பிறகுதான் அடித்தது. என் புடவை வரை வந்தது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

செட்டிங் எப்படிக் காணாமல் போனது? அன்று பத்து மணிக்கு வாராந்தரத் துப்புரவு புரோகிராம் ஓடியது. லாக் ஃபோல்டருக்குள் இறங்கி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கோப்புகளை அழிப்பது அதன் வேலை. எழுதியவர் என் செக்‌ஷனில் இருக்கிற கந்தன். பர்கூர்க்காரர், முப்பத்துநான்கு வயது, தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமோ முடித்தவர். பிரஸ் செட்டிங்குகளைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று மெயின்டனன்ஸ்காரர்கள் லாக் ஃபோல்டருக்குள் ஒரு லிங்க் போட்டு வைத்திருந்தார்கள். பழைய செர்வரில் மூன்று வருஷம் அந்தப் புரோகிராம் அந்த லிங்க்கைத் தொட்டதில்லை. போன வாரம் செர்வரை மாற்றினோம். புதியது லிங்க் வழியே போனது. போய் அங்கிருந்த பழைய செட்டிங் கோப்புகள் எல்லாவற்றையும் அழித்தது. தரநிலைப்படி இரண்டு செர்வரும் சரி.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் மாறுகிற நேரத்துக்குச் சம்பங்கியின் ஆட்கள் இரண்டு வேனில் வந்தார்கள். அவர்களைச் சமாளிக்க ஆஸ்பத்திரியில் யாரோ, கம்ப்யூட்டர் செக்‌ஷன் கந்தன் அழித்துவிட்டான் என்று பெயரோடு சொல்லியனுப்பியிருக்கிறார்கள். முன்னால் வந்தவர் திருமலை, சம்பங்கியின் மனைவி ராஜாத்திக்கு அண்ணன். கையில் ராடு. மாடியேறி வந்து முதலில் கம்ப்யூட்டர் அறையை உடைத்தார்கள். மானிட்டர், ஏசி, கண்ணாடிக் கதவு, கடைசியில் செர்வர். அதைத் தரையில் போட்டு நாலு பேர் மாறி மாறி அடித்தார்கள், உள்ளே உயிர் இருப்பதுபோல. கந்தன் என்ன கட்டளை கொடுத்தார், என்ன கொடுக்கவில்லை என்பதற்கான ஒரே சாட்சி அதற்குள் இருந்தது.

பிறகு அவரைச் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டு வழியே இழுத்துக்கொண்டு போனார்கள். கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்கு எதிரே ரோட்டோரக் கல். நான் பின்னாலேயே போனேன். பத்தடி தூரத்தில் நின்றேன். கன்னடத்தில் ஒருவர் போதும், விட்டுவிடுங்கள் என்றார். தெலுங்கில் ஒருவர் இன்னும் ஒன்று போடு என்றார். திருமலை குனிந்து, சத்தமே இல்லாமல் கேட்டார்:

“எந்தக் கைலடா டைப் பண்ணுன?”

கந்தன் பொய் சொல்லத் தெரியாதவர். எதைக் கேட்டாலும் கேட்டதற்குப் பதில் சொல்வார்.

“ரெண்டு கைலயும்ண்ணா.”

திருமலை ஒரு நொடி தயங்கியதைப் பார்த்தேன். ஒரு கைக்கு ஒரு கை என்று கணக்குப் போட்டு வந்த மனிதர் அவர். பிறகு இரண்டையும் கல்லில் வைக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வராது. இடது கையில் நாலு விரல், வலது கையில் மூன்று, இரண்டு மணிக்கட்டுகள். போலீஸ் வந்தபோது வேன்கள் போய்விட்டன.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருவரும் ஒரே மாடியில், நாலு அறை தள்ளி. நான் போன நேரத்தில் வராந்தாவில் கந்தனின் மனைவி ரூபாவும் ராஜாத்தியும் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரூபாவின் டிபன் கேரியரால் அடி வாங்கி ராஜாத்தியின் புருவம் கிழிந்திருந்தது. உன் புருஷனுக்குக் கட்டுப் பிரிச்சா கை இருக்கும், என் புருஷனுக்கு என்ன இருக்கும் என்று ராஜாத்தி கத்தினாள். நர்சுகள் இழுத்துப் பிரித்தார்கள். தரையெல்லாம் ரசம் சாதம்.

கந்தனிடம் கேட்டேன், அந்த லிங்க்கை நீங்கள் பார்க்கவில்லையா என்று. திட்டுகிற குரலில்தான் கேட்டேன். பார்த்தாராம். பார்த்து, சந்தேகம் வந்து, என் கையேட்டை எடுத்துப் படித்திருக்கிறார்.

என் கையேடு உனக்கு நினைவிருக்கும். இங்கே இருக்கிறவர்களுக்காக நம் தரநிலையின் முக்கியமான பகுதிகளைத் தமிழில் பன்னிரண்டு பக்கமாக எழுதினேன். உனக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், அருமை என்று பதில் போட்டாய். அதில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது: ‘லிங்க் குறுக்கிட்டால் அதன் வழியே போகலாம்.’

யார் போகலாம்? ஆங்கிலத்தில் எழுவாய் இருக்கிறது, கணினி என்று. தமிழில் நான் அதை விட்டுவிட்டேன். விட்டாலும் வாக்கியம் நிற்கிறது, கேட்க இன்னும் நன்றாகவும் இருக்கிறது, அதனால் விட்டேன். கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இது:

“போகலாம்னு போட்டிருந்தீங்க மேடம். எனக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். வேணும்னா நான் போகலாம்னு. நான் போகச் சொல்லல. அதனால போகாதுன்னு விட்டுட்டேன்.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் எங்கே தப்பாகப் படித்தோம் என்று என்னிடம் தெரிந்துகொள்ளப் பார்த்தார். போகலாமா என்று நம் ஊரில் யாராவது கேட்டால், அது அனுமதி கேட்பது. மிஷினின் குணத்தைப் பற்றிய எச்சரிக்கை என்று யார் நினைப்பார்கள்? நீயும் நானும் நினைப்போம். பதினொரு வருஷம் அதே சொல்லோடு உட்கார்ந்திருந்தவர்கள்.

இப்போது கம்பெனி வக்கீலின் கதையைக் கேள். தரநிலைத் திருத்தத்தின் வரைவை அவர் எங்கிருந்தோ எடுத்து வைத்திருக்கிறார். கேட்டால்தான் கணினி லிங்க் வழியே போகும், பொருளில் மாற்றமில்லை என்று தரநிலைக் குழுவே சொல்கிறது. ஆகவே எப்போதுமே அப்படித்தான். ஆகவே தானாகப் போயிருக்க முடியாது. ஆகவே கந்தன் வேண்டுமென்றே போகச் சொல்லியிருக்கிறார். இதுதான் அவர் வாதம். செர்வர் உடைந்துவிட்டதால் மறுக்க எதுவும் இல்லை. இதை எழுதி, செக்‌ஷன் தலைவர் என்ற முறையில் நாளை நான் தொழிற்சாலை ஆய்வாளரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் கந்தன் அந்தக் கட்டுகளோடு ஜெயிலுக்குப் போவார். உன் குறிப்பு அப்படியே வெளிவந்தால் நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் போவார்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு அறிக்கை எழுதிவிட்டேன். புதுச் செர்வரை வாங்கியது, தரநிலை இரண்டுக்கும் இடம் கொடுத்தது, ஏழாம் பக்கத்தை எழுதியது யார் என்பது, மூன்றும் அதில் இருக்கின்றன. வேலை போகும். அதைப் பற்றி வீட்டில் ராஜசேகரிடம் பேசிவிட்டேன். அவருக்கு அதில் வருத்தமில்லை.

அவருக்கு வருத்தம் வேறு. அறிக்கை கொடுத்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், ஏழாம் பக்கத்தை எழுதியது நான் என்று திருமலையிடமும் நேரில் சொல்லப் போகிறேன். அவர் இன்னும் பிடிபடவில்லை, தினமும் மத்தியானம் தங்கைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார், எல்லோருக்கும் தெரியும். கந்தன் வீடு திரும்பியதும் மறுபடி வருவேன் என்று ரூபாவிடமே சொல்லியிருக்கிறார். காகிதத்தில் எழுதினால் போதாதா என்கிறார் ராஜசேகர். ஆய்வாளரின் காகிதம் திருமலையின் கைக்கு வர இரண்டு வருஷம் ஆகும். அதுவரை அவருக்குக் கந்தனைத் தவிர வேறு ஆள் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை ராஜசேகரிடம் சொல்லவில்லை. பத்தடி தூரத்தில் நின்றேன் என்று எழுதினேன் அல்லவா. ஏழாம் பக்கம்தான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது, உண்மை. ஆனால் அந்தச் செக்‌ஷனுக்குத் தலைவர் நான்தான், கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள் என்று சொல்ல ஏழாம் பக்கம் தேவையில்லை. திருமலை தயங்கிய அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். என் வாய் திறந்துதான் இருந்தது.

நீயும் பிள்ளை யுவஸ்ரீயும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அவளுடைய பரீட்சை நல்லபடியாக முடியட்டும். உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே. அடுத்த வாரம் நான் போகாவிட்டால் மட்டும் யாரையாவது அனுப்பி மருந்து வாங்கிக் கொடு.

நம் கூட்ட வழக்கம் உனக்குத் தெரியும். உறுப்பினரின் பெயரை மூன்று முறை அழைப்போம், பதில் வராவிட்டால் சம்மதம் என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போவோம். எத்தனையோ பேருக்கு நானே அப்படி எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் நீ என் பெயரை அழைத்து, நான் பேசவில்லை என்றால், லாவண்யா, சம்மதம் என்று மட்டும் எழுதிவிடாதே.

என்றும் உன் தோழி,
நிர்மலா