கறுப்புக் கண்ணாடியும் பசறை இறக்கமும்

மார்ச் 3, செவ்வாய்

பனி. ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் எதிர் லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை. செயினுக்கு எண்ணெய். பின் டயருக்குக் காற்று. ஹாலிஎல வரை போய் வந்தேன்.

இன்னும் பன்னிரண்டு நாள். 15ஆம் திகதி மாகாண சைக்கிள் அணிக்கான தெரிவு ஓட்டம். பதுளையில் தொடங்கி, பசறை வழியாக, மொனராகலையில் முடியும். பெண்களில் முதல் மூன்று பேரை எடுப்பார்கள். போன வருடம் நான் நாலாவது. ஏற்றத்தில் இரண்டாவதாக இருந்தவள். பசறைக்கு அப்பால் இறக்கத்தில் காற்று அடித்துக் கண்ணெல்லாம் தண்ணீர், போதாததற்கு ஒரு பூச்சி. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரேக் பிடித்தேன். இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். காலில் குறை இல்லை, மூச்சில் குறை இல்லை. ஒரு வருடமாக அந்தப் பூச்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சமிலா அக்கா ஹாலிஎலயில் காத்திருந்தாள். எப்போதும் சேர்ந்துதான் ஓடுவோம். முழங்கால் போனதால் இந்த முறை அவள் இல்லை. தன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கத் தந்தாள். எனக்குக் கொஞ்சம் பெரிது, மூக்கில் வழுக்குகிறது. ஆனால் இறக்கத்தில் கண் காய்ந்தே இருந்தது! எனக்கும் ஒன்று வேண்டும். வாங்கியே ஆக வேண்டும்.

திரும்பும்போது கழற்ற மறந்துவிட்டேன். தோட்ட ஆபீஸ் வாசலில் காலைப் பெரட்டு, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கங்காணி கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கப்பன் காலத்துல இந்த வாசல்ல சைக்கிள விட்டு எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போவாங்க. நீ என்னாடான்னா தொரை மாதிரி கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் போற. மடுவத்துல புள்ள பாக்குறவளுக்கு எதுக்கு இதெல்லாம்?”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் வரிசையில்தான் நின்றாள். கூடைக் கயிற்றைச் சரி செய்கிற மாதிரிக் குனிந்துகொண்டாள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். அவர் கழற்று என்று சொல்லவே இல்லை. கை தானாகப் போனது. அதுதான் இன்று பூராவும் எரிகிறது.

மடுவத்தில் பதினான்கு பிள்ளைகள். இரண்டுக்குச் சளி. பால்மா முடியப் போகிறது, சொல்ல வேண்டும்.

மார்ச் 4, புதன்

வெயில். துவைத்தேன். முழங்கையில் கிழிந்த ஜெர்சிக்கு ஒட்டுப் போட்டேன்.

சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, நாலு பேர் பார்க்கிற இடத்தில் கண்ணாடி வேண்டாம் என்றாள். மூட முடியாத வாய்க்கு நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட்டாள். அவளிடம் பதில் இல்லாவிட்டால் ரொட்டி வரும்.

முடிவு: கண்ணாடி வாங்குகிறேன். கறுப்பு. இருக்கிறதிலேயே கறுப்பு.

மார்ச் 7, சனி

பதுளை. பஸ்ஸில் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கும் எனக்கும் ஒரே இருக்கை.

றவூப் நானா கடை. மணிக்கூடு, பெல்ட், கண்ணாடி. எனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டு போயிருந்தேன்:

– ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்தால் கண்ணாடியின் மேல் ஓரத்தால்தான் ரோட்டைப் பார்ப்போம். அந்த இடத்தில் ஃபிரேம் குறுக்கே வரக் கூடாது.
– பக்கத்தால் காற்று நுழையக் கூடாது.
– வியர்த்தாலும் மூக்கில் நிற்க வேண்டும்.
– ஹெல்மெட் வாரோடு சண்டை பிடிக்கக் கூடாது.
– விழுந்தால் சில்லாக உடையக் கூடாது.
– கறுப்பு.

நானா தாளை வாங்கிப் படித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்தது. ஒரு முக்காலியைப் போட்டு, குனிந்து உட்காருங்கள் என்றார். கடைக்கு நடுவில் இல்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசலில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சினிமா மாப்பிள்ளை போடுகிற மாதிரி ஒன்று: குனிந்தால் மேல் ஃபிரேம்தான் தெரிகிறது, ரோடு இல்லை. வட்டமாக ஒன்று: தலையை ஆட்டியதும் மடியில் விழுந்தது. பிறகு மேலே விளிம்பே இல்லாத ஒரு வகை எடுத்தார். அதில் இரண்டு நிறம். வெளிர் பழுப்பு, முழுக் கறுப்பு. பழுப்பைத்தான் முதலில் தந்தார்.

“இதப் போடுங்க தங்கச்சி. மலையில ஓடுறதுக்குக் கறுப்பு தோதுப்படாது. நெழலுக்குள்ள போனா ஒண்டும் வெளங்காது.”

போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். என் கண் அப்படியே தெரிகிறது. கங்காணி பார்த்தால் நான் பயப்படுகிறேனா இல்லையா என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். வேண்டாம் என்றேன். கறுப்பை வாங்கினேன். நானா துடைக்க ஒரு துணி சும்மா தந்தார்.

மார்ச் 9, திங்கள்

தூறல். கறுப்புக் கண்ணாடி தேவையே இல்லாத காலை. போட்டுக்கொண்டுதான் போனேன்.

பெரட்டு வாசலில் வேண்டுமென்றே மெதுவாக மிதித்தேன். கழற்றவில்லை. இறங்கவில்லை. கங்காணி பார்த்துக்கொண்டே நின்றார். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கூத்து. கைப்பிள்ளையை மடுவத்தில் விட வந்த ஒருத்தி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண் நோவா, தாய்ப்பால் விட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும், இப்போதே பீச்சி விடவா என்று கேட்டாள். நல்ல மனசு. வேண்டாம் என்று சொல்லி அனுப்பப் பட்ட பாடு! பின்னாலேயே இன்னொருத்தி, கண் ஒப்பரேசன் எங்கே செய்தாய் என்றாள்.

உள்ளேயும் கழற்றவில்லை. வீம்பு. மூன்று வயது மிது வாசலில் நின்று அழுதாள், கிட்ட வரவில்லை. “டீச்சர் கண்ணு எங்க?” என்றாள். பத்து மணி வரைக்கும் தாங்கினேன். பிறகு கழற்றிப் பைக்குள் வைத்தேன். மிதுவுக்காக, வேறு யாருக்காகவும் இல்லை.

மார்ச் 11, புதன்

விழுந்தேன்.

நாலு மணிக்கு மடுவத்தை மூடிவிட்டுக் கிளம்பியது. நல்ல வெயில். கறுப்பு அருமையாக இருந்தது, அரைமணி நேரம் நான்தான் ராணி. ஹாலிஎலக்குக் கீழே ரோட்டின் இரண்டு பக்கமும் யூக்கலிப்டஸ் மரங்கள் வருகிற இடம். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் ரோடு காணாமல் போய்விட்டது. பள்ளம் இருப்பது முன் சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தித் தூக்கிவிட்டார். நல்லவேளை, பின்னால் பஸ் வரவில்லை.

இடது முழங்கை: தோல் போய்விட்டது. இடுப்பு: நாளைக்கு நீலமாகும். சக்கரம் கோணவில்லை. ஹேண்டில் டேப் கிழிந்தது. கண்ணாடியில் இடது பக்கம் நீளமாக ஒரு கீறல்.

பயந்துவிட்டேன். இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. இந்தக் கண்ணாடியோடு பசறை இறக்கத்தில் இறங்கினால் நாலாவதாகக் கூட வர மாட்டேன்.

மார்ச் 12, வியாழன்

பனி. நடந்துதான் வேலைக்குப் போனேன். கண்ணாடி போட்டிருந்தேன், பனிக்குள், நொண்டிக்கொண்டு. பார்க்க எப்படி இருந்திருக்கும்!

காலையிலிருந்து ஒரே யோசனை. கறுப்பு சரியில்லை, தெரிந்துவிட்டது. ஆனால் இப்போது கழற்றினால் கங்காணி சொன்னதால் கழற்றினாள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பார்த்தியா, வழிக்கு வந்துட்டா என்று அவர் பெரட்டில் சொல்வது காதில் கேட்கிறது. அதை நினைத்தால் கீறல் விழுந்த கண்ணாடியையே மாட்டிக்கொண்டு ஓடலாம் போல இருக்கிறது. அவ்வளவு கோபம்.

சாயந்தரம் முழங்கைக்கு மருந்து போடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“பள்ளத்துல விழுந்தது நீயா, கங்காணியா?”

எரிந்தது, மருந்தும்தான். அவருக்குப் பயந்து கழற்றினாலும் அவர் பேச்சுக்கு ஆடுகிறேன். அவரைக் கடுப்பேற்றப் போட்டாலும் அவர் பேச்சுக்குத்தான் ஆடுகிறேன். ரோடு மொனராகலைக்குப் போகிறது. நான் இங்கே பெரட்டு வாசலுக்குக் கண்ணாடி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மடைச்சி.

மார்ச் 13, வெள்ளி

மத்தியானத்தோடு கிளம்பிப் பதுளை. நானா என் முழங்கைக் கட்டைப் பார்த்தார், கறுப்புக் கண்ணாடியின் கீறலைப் பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாங்காமல் வந்திருப்பேன், என் குணம் அப்படி.

இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். முக்காலியை வாசலுக்கே கொண்டுபோய், குனிந்து உட்கார்ந்து, எதிர்க் கடைத் தகரக் கூரைக்குக் கீழே இருட்டில் நிற்கிற மோட்டார்சைக்கிளின் இலக்கத்தை வாசித்தேன். கறுப்பில் சைக்கிளே தெரியவில்லை. பழுப்பில் இலக்கம் முழுக்கத் தெரிந்தது. வெயிலைப் பார்த்தால் கண் கூசவும் இல்லை.

போலரைஸ்ட் என்று இன்னொன்று காட்டினார். மினுக்கத்தை எல்லாம் அடித்துவிடும், காருக்கு நல்லது. எனக்கு வேண்டாம். ஈர ரோட்டில் அந்த மினுக்கம்தான் எங்கே வழுக்கும் என்று எனக்குச் சொல்லும்.

மஞ்சள்: பனிக்கு நல்லது, மொனராகலை வெயிலுக்கு ஆகாது. வெள்ளை: அதே கதை. பாதையில் பனி, மரநிழல், கொதிக்கிற வெயில் மூன்றும் உண்டு. நடுவில் கழற்றி மாற்ற நேரம் இல்லை. ஆக வெளிர் பழுப்பு. வாங்கிவிட்டேன்.

என் கண் எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும்.

மார்ச் 14, சனி

சைக்கிளைத் துடைத்தேன். வாழைப்பழம் நாலு. தண்ணீர்ப் போத்தல் இரண்டு. பழுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிணற்றடி வரை போய் வந்தேன். கங்காணி எதிரே வந்தார், கறுப்பு எங்கே என்றார். நிழலில் பள்ளம் தெரியவில்லை, மாற்றிவிட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே போனார். கொஞ்சம் வலித்தது. போகட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

ஹேண்டிலைப் பிடித்த விரல் இன்னும் விரியவில்லை, எழுத்து கோணும்.

பதினேழு பேர். பதுளையில் தூறல், பசறையில் பனி. ஏற்றத்தில் ஐந்தாவது. இடுப்பு வலி. எனக்கு முன்னால் போன பிள்ளை கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தாள், தெரியவில்லை போல. பாவம், அவளுக்கும் ஒரு கங்காணி இருந்தாரோ என்னவோ.

இறக்கம். பனியில் ஒவ்வொரு வெள்ளைக் கோடும் தெரிந்தது. மரநிழல் வந்தது, ரோடு காணாமல் போகவில்லை. ஈரம் மினுங்கிய இரண்டு வளைவில் மட்டும் பிரேக். மற்ற இடத்தில் விட்டுவிட்டேன். நெற்றியில் கண்ணாடி வைத்தவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பின்னுக்குப் போனாள். கண்ணாடியில் டக்கென்று ஒரு பூச்சி. அப்படியே ஒட்டிக்கொண்டு கூட வந்தது. கத்திச் சிரித்தேன், வாய்க்குள்ளும் ஒன்று போய்விட்டது.

கீழே வெயில், கரும்பு, தார் உருகுகிற வாசம். இன்னொருத்தியையும் பிடித்துவிட்டேன்.

மூன்றாவது.

சமிலா அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான்.

மார்ச் 17, செவ்வாய்

வெயில். மடுவத்தில் மிது என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்றாள்.

அணிக்குப் பதுளையில் பத்து நாள் பயிற்சி. பதினொரு மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, லீவு வேணுங்கய்யா என்று கேட்பதுதான் இங்கே வழக்கம். அம்மா அப்படித்தான் கேட்பாள். உள்ளே பெரிய கிளாக்கர், பக்கத்தில் கங்காணி. நான் கதவு வழியாக உள்ளே போனேன். கடிதத்தை மேசையில் வைத்தேன். கிளாக்கர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“யாரக் கேட்டு பேரு குடுத்த?”

கடிதத்தை அவர் பக்கம் இன்னும் தள்ளி வைத்தேன்.

“யாரையும் கேக்கலீங்கய்யா. லீவு கேக்கவும் வரல. பத்து நாளைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

கங்காணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நாளும் செக்ரோலில் பெயர் விழாது, பெயர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை, அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்பதும் தோட்டத்துத் துரை கையில்தான் என்றார் கிளாக்கர். சரிங்கய்யா என்றேன்.

செக்ரோலில் பெயர் விழாவிட்டால் போகட்டும். மாகாணப் பட்டியலில் மூன்றாவது வரியில் விழுந்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது சொல்லப் போகிறேன்.