முப்பத்தேழு மீனவர்களும் ஓர் உசாத்துணையும்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
12.01.2024

அன்பின் லோஜினிக்கு,

உனக்கும் மகள் கீர்த்தனிக்கும் நல்ல சுகத்தைக் கேட்டு துஆச் செய்கிறேன். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. நான் எழுதுவதை எட்டிப் பார்த்த அப்ராஸ், இது கடிதமா மருந்துச் சீட்டா என்று கேட்கிறார். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடமாகியும் இந்த மனிசனுக்கு என் எழுத்துப் பழகவில்லை.

வட்ஸ்அப்பில் கதைத்திருக்கலாம். ஆனால் இரண்டு பேரும் சிரித்து மழுப்பிவிடுவோம். தவிர, எனக்கு உன் கையொப்பம் தேவைப்படுகிறது.

திருக்கை முள் குத்திய மீனவர்களைப் பற்றி என் முதலாவது கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஒன்பது வருடத்தில் நான் பார்த்த நூற்றுப் பன்னிரண்டு பேர். மேலே புண் ஆறினாலும் முள்ளின் துண்டு உள்ளே கிடந்து இரண்டாம் கிழமையில் சீழ்பிடிக்கிறது, ஆகவே முதல் நாளே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதுதான் சாரம். அதை வாசித்த மதிப்பீட்டாளர், இதை லோஜினி என்பவர் 2019இல் எழுதிவிட்டார், அவரை ஏன் உசாத்துணையில், மேற்கோள் நூல்களின் பட்டியலில், காட்டவில்லை என்று கேட்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் பதில் போகாவிட்டால் கட்டுரையை நிராகரித்துவிடுவார்களாம்.

உன் கட்டுரையின் முப்பத்தேழு பேரும் யார் என்று உனக்குத் தெரியும். நாங்கள் ஒரே வார்ட்டில் வேலை செய்த காலத்தில் நான் குறித்து வைத்தவர்கள். நீ அவுஸ்திரேலியாவுக்கு, பேர்த்துக்குப் போன பிறகு கேட்டாய் என்று, 2018 ஜூனில் எல்லாவற்றையும் கடிதமாக எழுதி அனுப்பினேன். நீ அதைக் "கட்டுரையாளரின் சொந்த அவதானிப்பு" என்று போட்டாய். எனக்குக் கடும் கோபம் வந்தது. ஆனாலும் ஐந்து வருடமாக வாய் திறக்கவில்லை, அது என் பிழை.

இப்போது உன்னைக் காட்டினால், அது உன்னுடையதுதான் என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகும். காட்டாவிட்டால் நான் உன்னிடம் களவெடுத்தவள். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பு.

அன்புடன்,
சுஹைரா


பேர்த்
04.02.2024

என் அன்பு சுஹைராவுக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் ஓடிப்போய்க் கதிரையில் இருந்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் எழும்ப மனம் வரவில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது. கீர்த்தனிக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது, அவளுக்கு இப்போது என் சமையல் எதுவும் பிடிக்காது.

உன் பெயரை நான் வேண்டுமென்று விடவில்லை. கடிதத்தை உசாத்துணைப் பட்டியலில் சேர்க்க ஏலாது என்பது விதி. அப்படித்தான் அது விடுபட்டுப் போனது. நீ என் கட்டுரையைக் காட்டிவிட்டு உன் வேலையைப் பார், உன் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் என் முப்பத்தேழு எம்மாத்திரம்? இந்த வருடம் நான் எழுதும் கட்டுரையில் உன் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். நிரந்தரப் பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அந்த 2019 கட்டுரைதான் என் வெளியீட்டுப் பட்டியலில் முதலாவது. விளங்கிக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

என்றும் உன்,
லோஜினி


ஓர்ஸ் ஹில்
16.03.2024

அன்பின் லோஜினிக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. பகலில் வார்ட், பின்னேரம் குசினியில் சமையல், நடுவில் உனக்குக் கடிதம்.

நீ சொன்ன விதியை நானும் வாசித்தேன். பட்டியலில் சேர்க்க ஏலாது, ஓம். ஆனால் கட்டுரைக்குள்ளே, அந்த வசனத்தின் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, எழுதியவரின் பெயரும் கடிதத் தேதியும் கொடுக்க வேண்டும். அதற்கு அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதே பக்கத்தில் அடுத்த பந்தியில் இருக்கிறது. நீ ஒரு பந்தியோடு வாசிப்பை நிறுத்துகிறவள் இல்லை.

உன்னைக் காட்டிய கட்டுரைகள் பதினான்கையும் தேடி எடுத்தேன். ஒருவரும் எங்கள் ஆட்களைக் கண்டதில்லை. உன் விலாசத்தைப் பார்த்து ஒருவர் "மேற்கு அவுஸ்திரேலிய மீனவர்கள் முப்பத்தேழு பேர்" என்று எழுத, அவரைப் பார்த்து இன்னும் மூவர் அப்படியே எழுதியிருக்கிறார்கள். எங்கள் கொட்டியாரக் குடாவில் வலை போடுகிற அத்தனை பேருக்கும் நீ விசா எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

அந்த முப்பத்தேழு பேரில் ஒருவர் மூதூர் முத்தலிப் நானா. இரண்டு கால்விரல் போனவர், உனக்கும் நினைவிருக்கும். போன கிழமை கிளினிக்கிற்கு வந்தபோது இதைப் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "டொக்டர், நான் கந்தளாய்க்கு அங்கால போகாத ஆள். என்ட காலை ஆர் அங்க கொண்டு போனது?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உன் புதுக் கட்டுரையில் என் பெயர் வேண்டாம். நான் காணாத நோயாளிகளுக்கு நான் எப்படி ஆசிரியர் ஆவது? எனக்கு வேண்டியது ஒரு தாள். இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது.

சுஹைரா


பேர்த்
02.04.2024

சுஹைரா,

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

முதல் வரைவில் உன் பெயர் இருந்தது. என் பேராசிரியர் அதைச் சுற்றி வட்டம் போட்டு, இவரின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார். உனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் அன்றைக்கே பதில் வந்திருக்கும். ஆனால், சேர்ந்தே எழுதுவோம் என்று நீ கேட்டுவிடுவாய் என்று பயந்தேன். எனக்குத் தனிப்பெயரில் ஒரு கட்டுரை தேவையாக இருந்தது. உன் பெயரை அழித்தேன். அதன் பிறகு உன்னோடு கதைக்கும்போதெல்லாம் சிரித்தது வெட்கத்தால்தான்.

நீ கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தக் குறிப்பு வெளியிடச் சொல்லி, என் கட்டுரை வந்த ஆய்விதழுக்கும் எழுதிவிட்டேன். மீனவர்கள் எந்த ஊர் என்பதும் அதில் வரும். பதவிக்கான தெரிவுக் குழுவுக்கும் அறிவித்தேன், இனி நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்களோ தெரியாது. திருத்தத்தில் உன் பெயரைப் போட உன் அனுமதி வேண்டுமாம். இரண்டு வரி போதும். தருவாயா?

லோஜினி


ஓர்ஸ் ஹில்
19.04.2024

அன்பின் லோஜினிக்கு,

திருக்கை முள் காயங்கள் குறித்து 2018 ஜூனில் நான் டொக்டர் லோஜினிக்கு எழுதிய கடிதத்தை, என் பெயருடனும் தேதியுடனும் அவரது கட்டுரையின் திருத்தக் குறிப்பில் காட்டுவதற்கு இதன்மூலம் அனுமதி அளிக்கிறேன்.

இதை வெட்டி எடுத்து அனுப்பு. மிச்சம் உனக்கு.

உன் தாளை என் ஆய்விதழின் ஆசிரியருக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார். என் உசாத்துணைப் பட்டியலில் உன் கட்டுரை முதலாவதாக நிற்கிறது. முதலில் எழுதி வெளியிட்டது நீதான், அதுவும் உண்மை.

நீ பயந்தது சரி. சேர்ந்து எழுதுவோமா என்று கேட்டுத்தான் இருப்பேன். நீ ஏலாது என்று சொல்லியிருந்தாலும், அனுமதி தந்திருப்பேன்.

சுஹைரா