பூட்டிய வீட்டின் பாசம்

நேற்று உன் மகள் தர்ஷினி யட்டவத்தைக்கு என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு பார்சல். பிரித்ததும் அகில் புகைக்கட்டையின் மணம் வீடெல்லாம் பரவியது. வெளிநாட்டில் நீயும் நானும் வேலை செய்த மேடம் வீட்டு மணம் அது. நீ இறந்த செய்தி கேட்டு அந்த மேடம் அழுதாராம். "உங்க அம்மா ரூம் அப்படியே இருக்கு, நீ வா" என்று இப்போது உன் மகளை வேலைக்குக் கூப்பிடுகிறார்.

நீ இருந்திருந்தால் அனுப்பிவைத்திருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை? அதனால்தான் எழுதுகிறேன்.

மேடம் நல்லவர் என்று சாகும்வரை சொன்னாய். நம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வெளியே போவார். பாஸ்போர்ட் இரண்டும் அவர் அலுமாரியில். ஆனால் உனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினார். அந்தக் கஞ்சியோடு நீ அவர் பக்கம் போய்விட்டாய். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். "வா புள்ள, ஓடிருவோம்" என்றேன்.

"நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்க. வந்து பார்த்தா அவங்க மனசு என்னாகும்?" என்றாய்.

நான் தனியே ஓடிப்போய்ப் பொலிசோடு திரும்பினேன். "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்றாய் அவர்களிடம். அடிப்பாவி, என்னைப் பொய்க்காரியாக்கப் பார்த்தாய். நல்லவேளை, பொலிஸ்காரர்கள் நம் இருவரையும் ஊருக்கு அனுப்பினார்கள்.

விமானத்திலும் அழுதாய். "அவங்க உப்பத் தின்னுட்டு துரோகம் பண்ணிட்டியே" என்றாய். உப்புப் போட்டு ஆக்கியது நீ, உட்கார்ந்து தின்றது அவர்கள், யார் உப்பை யார் தின்றது என்று கேட்டேன்.

இரத்தோட்டையில், தோட்டத்து லயத்தில் உன் வீட்டுக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். இருந்தும் கடைக்குக் கிளம்பினால் வாசலில் நின்றுவிடுவாய். யாராவது "போய்ட்டு வா" என்று சொன்னால்தான் கால் நகரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது.

"அம்மா மேல அவங்களுக்கு அவ்வளவு பாசமா சித்தி?" என்று தர்ஷினி கேட்டாள்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பொய் சொல்லி உன் பிள்ளையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பாசந்தான். பூட்டியும் வச்சிருந்தாங்க. ரெண்டும் உண்மை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. நாளைக்கும் இரத்தோட்டைக்குப் போய்ச் சொல்வேன், அடுத்த நாளும் சொல்வேன். உன்னை நான் கூட்டிவந்தேன். உன் மனசு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. அதைத் தேடிக்கொண்டு உன் மகள் அங்கே போக வேண்டாம்.